மீட்ட பைக்குக்கு லாக் செட்: கம்பெனியா, லோக்கலா?

திருடு போய் மீட்ட வண்டியில் முதல் வேலை லாக் செட். கும்பகோணம், தஞ்சாவூர் ஸ்பேர் கடைகளில் இக்னிஷன் சுவிட்ச், டேங்க் மூடி, சைடு கவர் பூட்டு மூன்றும் ஒரே சாவியில் செட்டாகக் கிடைக்கும். கம்பெனி செட் விலை கூடுதல்தான். ஆனால் வயர் சேரும் கப்ளர் அப்படியே பொருந்தும். லோக்கல் செட்டில் டேங்க் மூடி வாஷர் மெலிசு. ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கி இன்ஜின் மக்கர் பண்ணும். நான் லோக்கலைச் சொல்லமாட்டேன்.

சாவி இல்லாமல் ஸ்டார்ட் பண்ண, அதாவது டைரக்ட் கொடுக்க, திருடன் அறுத்த வயரை மெக்கானிக்குகள் வெறும் டேப் சுற்றி விடுவார்கள், விடாதீர்கள். சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் (வயர் மூடும் குழாய்) போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும்.

உதைத்து உடைத்த ஹேண்டில் லாக் என்றால் புதுப் பூட்டு மட்டும் போதாது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இருபுறமும் திருப்புங்கள். நடுவில் தட்டினால் கோன் செட்டும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) மாற்றணும்.

இன்சூரன்ஸ் கேட்பதானால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு ஸ்குரூகூடக் கழற்ற வேண்டாம்.