கரண்ட் கட் சேவைக்கு 5க்கு 3: சான்டா குரூஸ் மலையிலிருந்து

கரண்டை நிறுத்துவதற்கு மதிப்பெண் போடுவது வேடிக்கைதான். ஆனால் பலத்த காற்றில் மின்கம்பியால் காட்டுத்தீ பிடிக்காமலிருக்க முன்கூட்டியே கரண்டை நிறுத்துகிறார்கள்; கலிஃபோர்னியாவில் மலையில் குடியிருப்பவர்களுக்கு அதுவும் மின் நிறுவனத்தின் சேவைகளில் ஒன்று. மாதாமாதம் பில் கட்டுகிறோமே, பேசலாம்.

நிறுத்துவதில் எனக்குப் புகார் இல்லை. அக்டோபர், நவம்பரில் மழைக்கு முன்னால் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வறண்ட டயாப்லோ காற்று அடிக்கும். 2018 நவம்பரில் இதே கலிஃபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரே காட்டுத்தீயில் எரிந்து 85 பேர் இறந்தார்கள். மின் கோபுரம் ஒன்றில் தேய்ந்துபோன பழைய கொக்கி அறுந்ததுதான் தொடக்கம். அதைப் படித்தவர்கள் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்கமாட்டார்கள். முன்னறிவிப்பும் ஒழுங்காக வருகிறது: இரண்டு நாள் முன்பு, ஒரு நாள் முன்பு, அப்புறம் நிறுத்தப்போகும்போது.

திரும்பக் கொடுப்பதில்தான் சொதப்புகிறார்கள். காற்று நின்றதும் சுவிட்சைப் போட்டுவிட முடியாது என்பது புரிகிறது. கம்பியில் கிளை விழுந்திருக்கிறதா என்று வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பகல் வெளிச்சம் வேண்டும். சரி, அப்படியானால் சாயங்காலம் காற்று ஓய்ந்த நாளில் ‘இரவு 10 மணிக்கு வரும்’ என்று ஏன் செய்தி அனுப்ப வேண்டும்? பத்து மணி நள்ளிரவானது, நள்ளிரவு மறுநாள் மதியமானது. மதியம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இட்லி மாவை சான் ஹோசே நண்பர் வீட்டில் கொடுத்திருப்போம். அது பொங்கி, மூடியைத் தள்ளி, பிரிட்ஜின் கீழ்த்தட்டு காய்கறி டப்பாவரை வழிந்திருந்தது. புளித்த வாடை போக வினிகர் போட்டுத் துடைக்க வேண்டியதாயிற்று.

எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். பம்ப் ஓடாவிட்டால் குழாயில் காற்றுதான் வரும். அறிவிப்பு வந்ததுமே குளியல் தொட்டியை நிரப்பிவிடுங்கள், கழிப்பறைக்காவது ஆகும்.

கரண்ட் இல்லாதபோது மின் நிறுவனம் திறக்கும் உதவி மையத்துக்கு மட்டும் 5க்கு 5. போன் சார்ஜ், தண்ணீர் பாட்டில், வைஃபை எல்லாம் கிடைத்தன, கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத ஆட்களும் இருந்தார்கள். வீட்டில் மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் ‘மெடிக்கல் பேஸ்லைன்’ திட்டத்தில் பதிந்துவையுங்கள். கட்டணச் சலுகையோடு கூடுதல் அறிவிப்பும் உண்டு. செல்போனை மட்டும் நம்பாதீர்கள். 2019 அக்டோபரில் இப்படிக் கரண்டை நிறுத்தியபோது சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில் பாதிக்கு மேற்பட்ட செல் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. பேட்டரி ரேடியோ ஒன்று வாங்கிவைப்பது நல்லது.