சேலத்தில் கார் உள்ளே எல்இடி லைட் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள் (8,500 ரூபாய் போச்சு)

கால் வைக்கும் இடத்தில் நாலு எல்இடி ஸ்ட்ரிப், ஒரு ரிமோட், ஃபிட்டிங் கூலி. மொத்தம் 8,500 ரூபாய். பைபாஸை ஒட்டிய பெரிய கார் அக்சஸரீஸ் கடை ஒன்றில் நடந்தது. கடைப் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடைகள் இன்னும் இருக்கும் என்பதால் பெயரைவிட விஷயம் முக்கியம். வயரை எந்தெந்த முறையில் இணைக்கலாம், எது எங்கே சரிப்படும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் என்ன செய்து வைத்திருந்தார்கள் என்று பாருங்கள்.

கவுண்டரில் ஒரு பலகை இருக்கிறது. கப்ளர் (வயர் முனைகளைச் செருகிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பிளக்), ஃப்யூஸ் ஹோல்டர், கறுப்புத் துணி டேப் சுற்றிய வயர் எல்லாவற்றையும் அதில் வரிசையாகப் பொருத்திக் காட்டுகிறார்கள். அங்கிருந்த பையன் அதைக் கையில் எடுத்து, "கம்பெனி வயர் ஒண்ணுகூட கட் பண்ண மாட்டோம் சார், எல்லாம் கப்ளர் டு கப்ளர்தான். இதேதான் உங்க வண்டிக்கும்" என்றான். எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் என்று கேட்டதற்குத் தடுமாறாமல் "மூணு" என்றான். சரியான பதில் அது. நம்பிக்கை வந்ததே அந்த ஒரு பதிலில்தான். பணத்தை முழுதாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். வேலை நடக்கும் இடத்தில் நிற்க விடவில்லை. "ஒரே தூசிங்க சார், உள்ள ஏசி ரூம்ல உக்காருங்க, டீ சொல்றேன்." வண்டி வெளியே வரும்போது பேனல் எல்லாம் மூடியாகிவிட்டது. லைட் எரிந்தது.

ஏற்காடு ஏறும்போதே ரூம் லைட் மினுக்க ஆரம்பித்தது. இறங்கும்போது ரூம் லைட்டும் இல்லை, ஸ்ட்ரிப்பும் இல்லை. மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை.

வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் டிரைவர் பக்கக் கிக் பேனலை (கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு மூடியை) கழற்றினார். பலகையில் காட்டிய ஒரு பொருள்கூட உள்ளே இல்லை. கப்ளர் இல்லை, ஃப்யூஸ் ஹோல்டர் இல்லை. ரூம் லைட்டுக்குப் போகும் மெல்லிய கம்பெனி வயரில் ஒரு நீலக் கிளிப்பைக் கடிக்க வைத்து, அங்கிருந்து பாசிட்டிவ் எடுத்திருந்தார்கள்.

அந்தக் கிளிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயரை உரிக்காமல், வெட்டாமல், உள்ளே இருக்கும் உலோகத் தகடு பிளாஸ்டிக்கைக் கிழித்துச் செம்பைத் தொடும். பிளையர்ஸால் ஒரு அழுத்து, பத்து விநாடியில் வேலை முடிந்தது. அதனால்தான் எல்லாக் கடையிலும் இதற்கு இவ்வளவு கிராக்கி. தகட்டில் இருக்கும் பிளவின் அகலமும் வயரின் தடிமனும் பொருந்தினால்தான் அது பிடிக்கும். வழக்கமாகச் சிவப்பு 22 முதல் 18 கேஜ் வரை, நீலம் 16, 14 கேஜுக்கு (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). ரூம் லைட் வயர் பெரும்பாலும் 22, 20 கேஜ்தான், அதாவது அரை சதுர மில்லிமீட்டருக்குப் பக்கத்தில். அதில் நீலத்தை மாட்டினால் தகடு செம்பை லேசாக உரசிக்கொண்டு நிற்கும். சமதளத்தில் எரியும், வளைவில் குலுங்கினால் அணையும். தடித்த வயரில் சின்னக் கிளிப்பை மாட்டினால் நேர்மாறு: தகடு இழைகளையே அறுத்துவிடும். அளவு சரியாக இருந்தாலும் கிழிந்த இடம் திறந்தேதான் கிடக்கும். ஏற்காட்டுப் பனியில் நனைகிற வண்டிக்கு அந்த இடத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். நம் வண்டி வயரில் நாலு இழை ஏற்கெனவே அறுந்திருந்தது. "கட் பண்ண மாட்டோம்" என்று சொன்ன வயர் அது!

அடுத்தது ஃப்யூஸ். ஸ்ட்ரிப்புக்கென்று தனியாக எதுவும் இல்லை. ரூம் லைட் சர்க்யூட்டின் 10 ஆம்பியர் சிவப்பு ஃப்யூஸ் மட்டும்தான் காவல். கிட்டோடு வந்த பட்டை வயரோ தலைமுடி மாதிரி மெல்லியது. அது பேனல் ஓரத்தில் நசுங்கி அரைகுறையாக ஷார்ட் ஆகி, 9 ஆம்பியர் இழுத்தால் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போகவே போகாது. வயர்தான் சூடாகும், அதுவும் கார்ப்பெட்டுக்கு அடியில். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயருக்கு ஏற்ற ஃப்யூஸ் இல்லாவிட்டால் இல்லாத மாதிரிதான்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. மீட்டருக்கு 60 பல்பு உள்ள 5050 ஸ்ட்ரிப் (5050 என்பது பல்பின் அளவு, 5 மி.மீ.க்கு 5 மி.மீ.) மீட்டருக்கு 14.4 வாட். 30 சென்டிமீட்டர் வீதம் நாலு துண்டு என்றால் 1.2 மீட்டர், சுமார் 17 வாட், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.4 ஆம்பியர். 20 கேஜ் வயரும் 3 ஆம்பியர் ஊதா ஃப்யூஸும் தாராளம். இதே கணக்குதான் பேட்டரிக்கும். எடுத்திருந்த வயரில் சாவி இல்லாவிட்டாலும் எப்போதும் கரன்ட் இருக்கும். இரவு 12 மணி நேரம் எரிந்தால் 17 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). சின்ன காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி காலி. ரிமோட்டில் அணைத்தாலும் ரிசீவர் பெட்டி விழித்துக்கொண்டேதான் இருக்கும். அது 20 மில்லி ஆம்பியர் எடுத்தாலே ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர்.

எர்த்தை டேஷ்போர்டுக்குக் கீழே பெயின்ட் அடித்த தகட்டில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி முடித்திருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டவில்லை, வயர் முனையில் மாட்டும் வளையமான ரிங் லக்கும் இல்லை. ஸ்ட்ரிப் துண்டுகளுக்கு இடையில் வயரை முறுக்கி, சாதாரண இன்சுலேஷன் டேப். ஏப்ரல் வெயிலில் சேலத்தில் வண்டியை நிறுத்தினால் அந்த டேப்பின் பசை இளகி வழிந்து, டேப் தானாகப் பிரிந்துவிடும். இங்கேயும் பாதி பிரிந்துதான் இருந்தது.

இதையெல்லாம்விடக் கோபம் வந்தது எதற்கென்றால், ஒரு வயர் வளையம் கிளட்ச் பெடலின் தண்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பெடல் உரசி உரசி மேல் பிளாஸ்டிக் பளபளவென்று தேய்ந்திருந்தது. இன்னொரு சுற்று நழுவியிருந்தால் பிரேக் பெடலில் சிக்கியிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற ஊர்க்காரர்களின் வண்டி இது. வயரைக் கட்ட ஒரு கேபிள் டை போட இரண்டு ரூபாய் ஆகுமா? வாங்கியது 8,500 ரூபாய்.

போட்டோவோடு கடைக்குப் போனால், "அது உங்க பேட்டரி வீக்குங்க சார், மாத்திப் பாருங்க." பேட்டரியை டெஸ்ட் செய்த சீட்டைக் காட்டினால், "ஃபிட்டிங் பண்ண பையன் வேலைய விட்டு நின்னுட்டான்." ஓனர் எங்கே என்றால் கோயம்புத்தூர் போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு இரண்டு நீல டிக், பதில் இல்லை. திரும்பக் கேட்டால், "வெளி ஆளு கழட்டிட்டாருல்ல, இனி எங்க பொறுப்பு இல்லைங்க." கடைசியில் பத்து பேர் முன்னால், "எல்இடி ஐட்டத்துக்கு வாரண்டியே கிடையாதுன்னு பில்லுலயே இருக்கு" என்றார்கள். அந்தப் பில் ஒரு லெட்டர்பேடு தாள். அதில் வாரண்டி பற்றி ஒரு வரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. 8,500 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை. அறுந்த கம்பெனி வயரைச் சரி செய்ய மேலே 2,200 ரூபாய்.

இணைப்பு முறைகளை ஒவ்வொன்றாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கும் ஆத்திரத்தில் அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பாசிட்டிவை வயரில் எடுக்க விடாதீர்கள். உள் ஃப்யூஸ் பாக்ஸில் ஃப்யூஸ் டேப் (ஒட்டும் டேப் இல்லை, fuse tap: ஃப்யூஸ் இடத்தில் செருகி, தனி ஃப்யூஸோடு புது வயர் எடுக்கும் கிளை) போட்டு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் 12 வோல்ட் சார்ஜர் சாக்கெட்டின் ஃப்யூஸிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஃப்யூஸைக் கழற்றி, சப்ளை எந்தப் பின்னில் வருகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துச் செருக வேண்டும். திருப்பிச் செருகினால் புது லைட்டின் கரன்டும் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் ஃப்யூஸ் பக்கம் கையே போகக் கூடாது. மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கப்ளர் எல்லாம் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை, அவற்றைத் தொட விடாதீர்கள்.

வயரோடு வயர் சேர்க்க, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப் கனெக்டர்தான் (அழுத்தி இறுக்கி, சூடு காட்டினால் உறை சுருங்கி மூடிக்கொள்வது) நல்லது. ராட்செட் பிளையர்ஸில் அழுத்திய பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். சாலிடர் வைத்தால் தப்பில்லை, ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துப்போன இடத்தின் ஓரத்தில்தான் அதிர்வில் வயர் ஒடியும். ஸ்லீவ் போட்டு, அசையாமல் கட்டியிருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். நாலு ஸ்ட்ரிப்பையும் ஒரே இடத்தில் சேர்க்க, சின்ன நெம்பை மடக்கினால் வயரைப் பிடித்துக்கொள்ளும் லீவர் கனெக்டர் போதும். தண்ணீர் படாத இடமாக இருக்கட்டும், துணி டேப் சுற்றினால் கடகடக்காது.

பேனலை மூடுவதற்கு முன் பார்க்க விடாத கடையில் வண்டியை விடாதீர்கள். பாதிப் பணம் வேலை முடிந்து பார்த்த பிறகுதான். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், யுபிஐ ரசீதை அழித்துவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு. 8,500 ரூபாய்க்கான புகார் இங்கிருந்தும் போகிறது.

ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் இன்றைக்கே டார்ச் அடித்துப் பெடல்களுக்கு மேலே பாருங்கள். வயர் தொங்கினால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அதைக் கட்டிய பிறகு வண்டியை எடுங்கள்.