முதலில் எழுத்தா, முதலில் டிசைனா?

இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் ஐந்து அறை உள்ள ஒரு விடுதிக்கும் மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடைக்கும் அடுத்தடுத்து இணையத்தளம் செய்து கொடுத்தேன். ஒன்றில் டிசைனை முதலில் முடித்தேன், மற்றதில் எழுத்தை. இரண்டிலும் செய்ததைத் திருத்த வேண்டி வந்தது. ஆனால் இரண்டு பிழையும் ஒரே விலை அல்ல.

விடுதிக்காரர் ஒரு ரெடிமேட் தீமை, அதாவது முன்பே செய்து வைத்த தள வடிவத்தை, காட்டி, "தம்பி, இதே மாதிரிச் செய்து தாங்க. எழுத்தெல்லாம் பிறகு தாறன்" என்றார். இணையத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அதை ஏற்றி, நிறம் மாற்றி, எழுத்து வர வேண்டிய இடங்களில் லோரம் இப்சம் என்ற, இடம் நிரப்பும் போலி எழுத்தை விட்டேன். நாலு நாளில் தளம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. டிசைனை முதலில் செய்வதன் பெரிய பலன் இதுதான். காசு கொடுப்பவர் தன் பொருளைக் கண்ணால் பார்க்கிறார், நம்பிக்கை வருகிறது.

அப்புறம் தமிழ் வந்தது. லோரம் இப்சம், பழைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் லத்தீன் நூலில் இருந்து சிதைத்து எடுத்த வெற்று எழுத்து, சொற்கள் சின்னவை. 'புக் நவ்' அளவுக்கு வைத்த பட்டனுக்குள் 'முன்பதிவு செய்யுங்கள்' அடங்கவில்லை. போனில் மெனு இரண்டு வரியாக உடைந்தது. மேல் வரியில் 'கு', 'சூ' ஆகியவற்றின் வால்கள் கீழ் வரியின் 'கீ', 'றி' தலைகளில் முட்டின. வரி இடைவெளியை எழுத்தளவின் 1.4 மடங்கில் இருந்து 1.8 மடங்குக்கு ஏற்றினேன், பெட்டிகள் நீண்டு படங்கள் கீழே போய்விட்டன.

அதையும் விடப் பெரிய குறை வேறு. தீமில் 'எங்கள் அணி', 'விருதுகள்' என்று பெட்டிகள் இருந்தன, நிரப்ப அவரிடம் ஒன்றும் இல்லை. கடல் எந்த மாதங்களில் அமைதியாக இருக்கும், மார்கழி மழையில் வரலாமா, பஸ்ஸில் வந்தால் எங்கே இறங்குவது என்பதற்கோ இடமே இல்லை. தங்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் இதைத்தான்.

மருதமுனை முதலாளி முப்பது பக்க வேர்ட் கோப்பைத் தந்தார். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் டைப் செய்தது. தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்க்கவே ஒரு கிழமை போனது. ஆனாலும் அதில் சத்து இருந்தது: சாரத்தின் (லுங்கியின்) நீள அகலம், முதல் தடவை எப்படித் துவைப்பது, எந்த நிறம் கொஞ்சம் சாயம் விடும். இவற்றைப் படித்ததும் பக்கங்கள் தாமாகவே பிரிந்தன.

சிக்கல் ஓர் இடத்தில் வந்தது. பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) இன்னொரு நிறம் என்று நெய்தால் துணி அசையும்போது நிறம் மாறித் தெரியும். அதை மூன்று பந்தியில் எழுதியிருந்தார். வாசித்த எனக்கு விளங்கவில்லை. சாறியை மடித்து ஜன்னல் ஓரம் பிடித்து ஒரு படம் எடுத்தேன். மடிப்பின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நாவல் நிறம். மூன்று பந்தியும் தேவையில்லாமல் போய்விட்டன.

அந்தப் பந்திகளை நீக்க ஐந்து நிமிடம். விடுதித் தளத்தைப் பிரித்துக் கட்ட ஒன்பது நாள். அதனால் நம் ஊர்ச் சிறு வியாபாரத்துக்கு எழுத்துத்தான் முதல் என்பேன், ஆனால் முழு எழுத்தும் அல்ல. கடைசியாக வந்த பத்து வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளுக்கு வட்ஸ்அப்பில் குரலில் பதில் அனுப்பச் சொல்கிறேன். அதை டைப் செய்து, முகப்புப் பக்கத்தை மட்டும் போன் அகலத்தில் தாளில் கீறி, உண்மைச் சொற்களோடு பார்க்கிறேன். எந்த இடத்தில் படம் பேச வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். நிறமும் தீமும் அதற்குப் பிறகு.

கல்யாணப் படப்பிடிப்பாளருக்கு இது பொருந்தாது. அவருக்குப் படம்தான் சரக்கு, டிசைனில் தொடங்கலாம்.

விடுதித் தளத்தின் முதல் திரையில் இப்போது ஒரு கடல் படம் இருக்கிறது. அதன் கீழே, வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ பிடித்து வரும் வழி.