ஃபெரட்டுக்குப் பச்சைக்கறி: சில வருடங்கள் கொடுத்துப் பார்த்த அனுபவம்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறோம். வீட்டில் ஃபெரட் என்ற வளர்ப்புப் பிராணிகள் இரண்டு: ஆண் கருப்பன், பெண் சிட்டு. சில வருடங்களாக இரண்டுக்கும் பெரும்பாலும் பச்சைக்கறிதான் சாப்பாடு. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "அது நல்லதா?" என்றுதான். அளந்து, எலும்பும் ஈரலும் சேர்த்துக் கொடுத்தால் மிக நல்லது. வெறும் கறித்துண்டை வெட்டிப் போட்டால் கெடுதல். அளக்க நேரமில்லாதவர்கள் நல்ல தரமான உலர் தீவனமே கொடுக்கலாம், அதில் தப்பே இல்லை.

ஃபெரட் பார்க்கக் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும், ஆனால் இனம் வேறு. ஐரோப்பாவில் போல்கேட் என்ற காட்டு விலங்கை 2000 வருடங்களுக்கு முன்பே பழக்கி, ஃபெரட்டாக்கி, முயல் வேட்டைக்கு வைத்துக்கொண்டார்கள். யார்க்‌ஷயர் கிராமங்களில் வளை வாயில் வலை விரித்து, உள்ளே ஃபெரட்டை அனுப்பி முயல் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. ஃபெரட்டின் குடல் ரொம்பக் குட்டை. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் பல விலங்குகளுக்கு இருக்கும் பை இதற்குக் கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் தானியம், காய்கறி, நார்ச்சத்து எதுவும் இதற்கு உதவாது. இறைச்சிப் புரதமும் கொழுப்பும்தான் உடம்பில் ஒட்டும். இந்த ஊரில் அந்தக் காலத்தில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். பாவம், அந்த ஜீவன்கள் எப்படித் தாங்கினவோ.

பச்சைக்கறி கொடுப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது: 80 சதவீதம் தசைக்கறி, 10 சதவீதம் கடித்துத் தின்னக்கூடிய எலும்பு, 5 சதவீதம் ஈரல், மீதி 5 சதவீதம் சிறுநீரகம், சுவரொட்டி போன்ற வேறு உள்ளுறுப்பு. தசைக்கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. எலும்பே இல்லாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். வளரும் குட்டிகளுக்குக் கால் வளைந்துபோவது இதனால்தான். ஈரலில் வைட்டமின் ஏ நிறைய இருப்பதால் அது இல்லாமலும் முடியாது, அதிகம் போனாலும் நஞ்சு.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். கருப்பன் 1.4 கிலோ, சிட்டு 800 கிராம். வளர்ந்த ஃபெரட் ஒரு நாளைக்குத் தன் எடையில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை சாப்பிடும். எங்கள் இரண்டுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 150 கிராம், வாரத்துக்கு 1,050 கிராம் வருகிறது. அதில் எலும்பு மட்டும் 105 கிராம் இருக்கவேண்டும். கோழி இறக்கையில் ஏறக்குறைய 45 சதவீதம் எலும்பு, ஆக 230 கிராம் இறக்கை, அதாவது இரண்டு மூன்று இறக்கை போதும். ஈரல் 50 கிராம், சிறுநீரகமோ சுவரொட்டியோ 50 கிராம். மீதியெல்லாம் கறி: கோழித் தொடை, முயல், ஆட்டுக்கறி, வான்கோழி என்று மாற்றி மாற்றி. ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசை எடுத்துவைத்து, வாரம் முழுவதுக்கும் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். தினமும் எல்லாம் சரிவிகிதத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. வாரக் கணக்கில் சரியாக வந்தால் போதும்.

தசைக்கறியில் ஒரு பங்கு கட்டாயம் இதயமாக இருக்கும். வாரத்துக்கு 150 கிராம் அளவுக்குக் கோழி இதயமோ ஆட்டிதயமோ சேர்க்கிறேன். டாரின் என்ற சத்து அதில்தான் நிறைய. அது குறைந்தால் இதயத் தசை பலவீனமாகும். கறியை அரைத்து வைத்தாலோ, ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகவிட்டாலோ இந்தச் சத்து கொஞ்சம் போய்விடும். அதனால் உருகும்போது வடியும் சிவப்புத் தண்ணீரைக் கொட்டுவதில்லை, கிண்ணத்திலேயே ஊற்றிவிடுவேன். வாரத்துக்கு ஒரு தடவை முட்டை மஞ்சள் கரு கொடுப்பேன். பச்சை வெள்ளைக்கரு கொடுப்பதில்லை, அது பயோட்டின் என்ற வைட்டமினைத் தடுக்கும். பச்சை மீனும் வழக்கமாகக் கொடுக்கும் சாப்பாடு அல்ல, சில மீன்கள் பி1 வைட்டமினை அழித்துவிடும்.

லீட்ஸ் கிர்க்கேட் மார்க்கெட்டின் கறிக்கடை வரிசையில் இந்த உள்ளுறுப்பெல்லாம் கேட்டால் கிடைக்கும். முயல் வாங்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: துப்பாக்கியால் சுட்டதா, வலையில் பிடித்ததா? சுட்ட முயலில் ஈயக் குண்டின் துணுக்குகள் இருக்கலாம். வலையில் பிடித்ததுதான் வாங்குவேன். அப்புறம் முயல்கறியில் கொழுப்பு குறைவு, அது ஒன்றையே நம்பினால் ஃபெரட் இளைத்துவிடும். தோலோடு கோழித்தொடை சேர்த்தால் சரியாகிவிடும். உறையவைத்த ஒருநாள் கோழிக்குஞ்சும் இங்கே கிடைக்கிறது, சிட்டுவுக்கு அது உயிர். ஆனால் வாரத்தில் ஓரிரு தடவைக்கு மேல் கொடுப்பதில்லை.

பழக்குவதுதான் பெரிய வேலை. ஃபெரட் குட்டியாக இருக்கும் முதல் சில மாதங்களில் எந்த மணத்தைச் சாப்பாடு என்று மனதில் பதித்துக்கொள்கிறதோ, அதுதான் அதற்குச் சாப்பாடு. சிட்டு குட்டியாக வந்தாள், முதல் நாளே இறக்கையைக் கவ்விக்கொண்டு ஓடினாள். கருப்பன் மீட்பு இல்லத்திலிருந்து வந்தவன், வயது வந்தவன், உலர் தீவனம் தவிர வேறு அறியாதவன். கறித்துண்டைப் பார்த்தால் மோந்துவிட்டு, பின்காலால் மண் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டுப் போவான். "பசித்தால் தானே தின்னும்" என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். பல மணி நேரம் பட்டினி போட்டால் ஃபெரட்டுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். நான் செய்தது இதுதான்: உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, அதில் அரைத்த கறியைக் கடுகளவு சேர்த்து, மேலே ஒரு சொட்டு சால்மன் எண்ணெய் விட்டேன். விரலில் எடுத்து உதட்டில் தடவினால் நக்கிக்கொள்வான். கறியின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், அரைத்ததிலிருந்து பொடித்துண்டு, பொடித்துண்டிலிருந்து பெரிய துண்டு என்று ஏற மாதக்கணக்கானது. இறக்கையை முதலில் கடித்த அன்று கருப்பன் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, பின்பற்களால் மொறுக்மொறுக்கென்று எலும்பை நொறுக்கினான். அடுத்த அறையில் இருந்த என் மனைவிக்கே அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

எலும்பு எப்போதும் பச்சையாகவே இருக்கவேண்டும். வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மாட்டுக்கால் எலும்பு போன்ற கடினமானதும் வேண்டாம், கோரைப்பல் உடைந்துபோகும்.

சாப்பாடு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மலத்தொட்டியைப் பார்த்தால் போதும். வெளிறிப்போய், காய்ந்து, தொட்டால் உதிர்ந்தால் எலும்பு கூடிவிட்டது. கருப்பாக இளகிப் போனால் ஈரலோ உள்ளுறுப்போ அதிகம், அல்லது எலும்பு போதவில்லை. பச்சை நிறமாக, சளிபோல் வழவழவென்று ஒரு நாளுக்கு மேல் போனால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு சமயம் கடையில் அரைத்து உறையவைத்து விற்கும் கலவையை வாங்கினேன். உறையில் 10 சதவீதம் எலும்பு என்று போட்டிருந்தது. ஒரு பெட்டி சரியாக இருந்தது, அடுத்த பெட்டியில் இரண்டும் முக்கி முக்கி வெள்ளைச் சுண்ணாம்புபோல் போனார்கள். நிறுவனத்துக்கு எழுதினேன், மழுப்பலான பதில்தான் வந்தது. அதோடு அந்தக் கலவையை நிறுத்திவிட்டேன். அரைத்த கறியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, எனக்கு அதுதான் பெரிய குறை.

மாற்றம் என்ன என்றால், மலம் பாதியாகக் குறைந்தது, நாற்றமும் நன்றாகக் குறைந்தது. ரோமம் மினுமினுக்கிறது. வந்தபோது கருப்பனின் கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் கறை கட்டியிருந்தது. மருத்துவர் சுத்தம் செய்த பிறகு இத்தனை நாளில் மறுபடி பெரிதாகக் கட்டவில்லை. இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். கணையத்தில் வரும் இன்சுலினோமா கட்டியைப் பச்சைக்கறி தடுத்துவிடும் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். மாவுச்சத்து ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஊகம்தான், நிரூபணமாகவில்லை. நடுவயதுக்கு மேல் ஃபெரட்களுக்கு அது அடிக்கடி வரும் நோய். வாயில் எச்சில் வடிவது, எங்கோ வெறித்துப் பார்ப்பது, பின்கால் தளர்வது ஆகியவற்றைப் பார்த்தால், என்ன சாப்பாடு கொடுத்தாலும் சர்க்கரை அளவைப் பார்த்துவிடவேண்டும்.

ஆபத்தையும் சொல்லவேண்டும். சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர், லிஸ்டீரியா என்ற கிருமிகள் மூன்றும் பச்சைக்கறியில் இருக்கக்கூடியவை, உறையவைத்தால் சாகாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் நான் இதைச் சொல்லவே மாட்டேன். 2018, 2019-இல் இங்கிலாந்தில் வீட்டுப் பூனைகளுக்கு மாட்டுக் காசநோய் வந்தபோது, கடையில் விற்ற பச்சை மான்கறித் தீவனத்தோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. அன்றிலிருந்து மான்கறியைத் தொடுவதில்லை. 2024 இறுதியில் அமெரிக்காவின் ஓரிகனில் உறைந்த பச்சை வான்கோழித் தீவனம் தின்ற பூனை பறவைக் காய்ச்சலில் இறந்தது. ஃபெரட்டுக்கு நம்மைப் போலவே ஃப்ளூ தொற்றும். 1933-இல் மனிதனின் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே லண்டனில் ஃபெரட்களை வைத்துத்தான். அதனால் கோழி, வான்கோழி எதுவானாலும் மனிதர் சாப்பிட விற்பதை மட்டுமே வாங்குகிறேன். வேட்டையாடிய வாத்து யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன்.

ஒளித்துவைக்கும் பழக்கம் இன்னொரு தொல்லை. கறித்துண்டைக் கவ்விக்கொண்டு போய் சோபாவுக்குப் பின்னால், துணிக்கூடைக்குள் எங்காவது செருகிவிடும். அதனால் இரண்டும் கூண்டுக்குள்தான் சாப்பிடும், மீதியை எடுத்துவிட்டு, படுக்கைத் துணியை உதறிப் பார்த்த பிறகுதான் கதவு திறக்கும். கோடையில் ஈ மொய்ப்பதால் கிண்ணத்தைச் சீக்கிரமே எடுத்துவிடுவேன். எஃகுக் கிண்ணம் மட்டும் வைத்திருக்கிறேன், கொதிநீரில் கழுவ வசதி.

கறிக்குப் பழகிய பிறகும் உலர் தீவனத்தை முழுக்க நிறுத்தவில்லை. நாளுக்கு ஒரு சின்னக் கைப்பிடி இரண்டுக்கும் உண்டு. நாங்கள் ஊருக்கு வரும்போது பக்கத்து வீட்டு அம்மாதான் இவர்களைப் பார்த்துக்கொள்கிறார். அவரைப் பச்சை ஈரலைத் தொடச் சொல்ல எனக்கு மனமில்லை, அவர் தீவனம் கொடுத்தாலே போதும். மருத்துவமனையில் தங்கவேண்டி வந்தாலும் அங்கே கிடைப்பது அதுதான். திரும்பி வந்ததும் முதல் இரண்டு நாள் எலும்பில்லாத கறி, அப்புறம் இறக்கை என்று பழைய கணக்குக்கு வந்துவிடுவோம்.