6,500 டாலருக்கு வாங்கிய பங்காளிச் சண்டை

கொலராடோவில் மலிவாக நிலம் என்று விளம்பரம் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நானும் என் தோழியும் திருச்சியில் ஒரே விடுதி அறை, இப்போது டென்வரில் ஒரே அலுவலகம். இருவர் பேரிலும் ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. தெற்கே காஸ்டில்லா கவுன்ட்டியில் 5 ஏக்கர், 6,500 டாலர் என்று ஒருவர் இணையத்தில் போட்டிருந்தார். போய்ப் பார்த்தோம். காய்ந்த புதர்கள், அவற்றுக்குப் பின்னால் 14,000 அடிக்கு மேல் எழுந்து நிற்கும் பிளாங்கா சிகரம். மயங்கிவிட்டோம்.

"பாட்டி விட்டுப்போன நிலம், எனக்குப் பயன்படவில்லை" என்றார். நிலம் உண்மையில் யாருடையது என்று பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துச் சொல்லும் டைட்டில் கம்பெனிக்கு எதற்கு வீண் செலவு, குவிட்க்ளெய்ம் பத்திரம் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார். "வேண்டாம்டி, சில நூறு டாலர்தானே, பார்த்துடலாம்" என்றாள் தோழி. நான்தான் அவசரப்படுத்தினேன். நோட்டரி முன் கையெழுத்து, கவுன்ட்டியில் பதிவு, எல்லாம் ஆனது.

ஊரில் என்றால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழில் எத்தனை பேர் என்று பார்க்காமல் ஒரு சென்ட் வாங்குவோமா? அமெரிக்கா என்றதும் அதெல்லாம் மறந்துவிட்டது.

குவிட்க்ளெய்ம் என்றால், "இந்த நிலத்தில் எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை உனக்கு விட்டுத்தருகிறேன்" என்பது மட்டும்தான். உரிமை இருக்கிறது என்று விற்பவர் எந்த உறுதியும் தருவதில்லை. நம்மூர் விடுதலைப் பத்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. கவுன்ட்டி அலுவலகமும் பத்திரத்தைப் பதிந்து வைக்குமே தவிர, நிலம் யாருடையது என்று தோண்டிப் பார்க்காது.

இரண்டு மாதம் கழித்து வேலிக்கம்பம் நடப் போயிருந்தோம். அங்கே சட்டம் அப்படி: அடுத்தவர் மாடு மேயக் கூடாது என்றால் வேலி போட வேண்டியது நாம்தான். பாதி வேலையில் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. இறங்கிய அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். விற்றவரின் அக்கா. கையில் நீல நிற பட்டர் பிஸ்கட் டின், நம் வீடுகளில் ஊசி நூல் போட்டு வைப்போமே, அதே டின். உள்ளே பாட்டியின் பத்திரமும் பதினோரு வருட வரி ரசீதுகளும் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. வாரிசுகள் நான்கு பேர். பாகம் பிரிக்கவே இல்லை. அவர் தம்பி எங்களுக்கு விற்றது தன் கால் பங்கை.

எங்கள் மேல் அவர் கோபப்படவில்லை. பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். எனக்குத்தான் கை நடுங்கியது.

திரும்பும் வழியில் வால்ஸன்பர்க் வரும்வரை தோழி வாயே திறக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" வரப்போகிறது என்று காத்திருந்தேன். "காபி நல்லா இருந்துச்சுல்ல" என்றாள்.

விற்றவரின் போன் இப்போது எடுப்பாரில்லை. பங்கைப் பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போடலாம், ஆனால் நிலத்தின் விலையைவிட வழக்குச் செலவு அதிகமாகும் என்றார் வக்கீல். தண்ணீர் விஷயம் அதற்கப்புறம்தான் தெரிந்தது: 35 ஏக்கருக்குக் குறைந்த இடத்தில் கிணற்றுக்கு அனுமதி கிடைத்தாலும் பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்க மட்டும்தான், செடிக்கு ஊற்றக் கூடாது. மழைநீர் பிடிக்கக்கூட இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன்தான் கணக்கு.

டைட்டில் கம்பெனி வேண்டாம் என்று விற்பவரே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நிலம் தன்னுடையதுதான் என்று விற்பவர் உறுதி தரும் வாரன்டி பத்திரம் கேளுங்கள். பாட்டி சொத்து, அப்பா சொத்து என்றால் நீதிமன்றத்தில் வாரிசு நடைமுறை முடிந்ததா என்று கேளுங்கள்.

போன வாரம் அந்த அக்கா இந்த வருட வரி நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், எங்கள் கால் பங்குக்கு எவ்வளவு என்று பென்சிலில் எழுதி. தோழி அன்றைக்கே அனுப்பிவிட்டாள்.