ஜோபர்க் குளிரில் கழிவுநீர்த் தொட்டி: சூடேற்றுவதா, புதைப்பதா?

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் (ஜோபர்க்) லெனேசியா பக்கம் எங்கள் தயிர், பனீர் பட்டறையில் நாளுக்கு 10,000 லிட்டர் கழுவுநீர் சேரும். அதைக் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்கவிட்டு மீத்தேன் எடுக்கிறோம். முதலில் 35 டிகிரியில் சூடேற்றி ஓட்டினோம். இப்போது இருப்பது ஹீட்டரே இல்லாமல் மண்ணுக்குள் புதைத்த பெரிய தொட்டி. இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில் என் ஓட்டு புதைத்த தொட்டிக்குத்தான்.

சூடேற்றுவதன் நன்மை தெரிந்ததே. மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் 35 டிகிரியை ஒட்டித்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். பத்து டிகிரி இறங்கினால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சூடு இருந்ததால் எங்களுக்கு 20 கன மீட்டர் தொட்டியே போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? நான் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வேண்டும். இங்கே குளிர்காலமான ஜூலையில் 12 டிகிரியில் வரும் நீரை 35க்கு ஏற்ற, பத்து கன மீட்டருக்குச் சுமார் 267 யூனிட். சரி, காஸ் எவ்வளவு தரும்? நீரில் உள்ள கரிமக் கழிவை சி.ஓ.டி. என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிலோ சி.ஓ.டி. சிதைந்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன், அதாவது மூன்றரை யூனிட் வெப்பம். எங்கள் நீரில் கன மீட்டருக்கு மூன்று கிலோ சி.ஓ.டி. உண்டு. அதில் எண்பது சதவீதம் சிதைந்தாலும் நாளுக்கு 84 யூனிட்தான். வந்த காஸ் முழுவதையும் எரித்தாலும் மூன்றில் ஒரு பங்கு சூடுகூடத் தேறாது. மீதிக்குக் கரண்ட் பில் கட்டினோம்.

அப்புறம் 2023 குளிர்காலத்தின் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு. ஜெனரேட்டர் ஃப்ரிட்ஜ் அறைக்கே சரியாக இருந்தது. ஹீட்டர் நின்றது, கழுவுநீர் நிற்கவில்லை. இரண்டே நாளில் தொட்டி 27 டிகிரிக்கு இறங்கியது. அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் குளிரைச் சமாளித்துவிடும், மீத்தேன் நுண்ணுயிர்கள் பின்தங்கிவிடும். மூடியைத் திறந்தால் புளித்த வாந்தி நாற்றம், பி.எச். 6.3, அதாவது அமிலம் ஏறிவிட்டது. உள்ளே விடும் கழிவைக் குறைத்து, அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போட்டுத் தேற்ற ஐந்து வாரம் ஆனது.

புதைத்த தொட்டி 60 கன மீட்டர். குழி தோண்டத்தான் செலவு. இரண்டு மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை நாளுக்கு நாள் ஆடுவதில்லை. விடியலில் புல்லில் உறைபனி கிடந்தாலும் தொட்டிக்குள் இறக்கம் மெதுவாகத்தான் நடக்கும். நுண்ணுயிர்களுக்குக் குளிரைவிடத் திடீர் மாற்றம்தான் கெடுதல். குளிரில் அவை சோம்பும், ஆனால் சாவதில்லை. குளிர்காலத்தில் செரிக்காமல் தங்கிய கசடு செப்டம்பரில் வெயில் ஏறியதும் செரிக்கத் தொடங்கும், காஸும் கூடும்.

குறைகளும் உண்டு. ஜூலையில் காஸ் பாதிக்கும் கீழே போகிறது. குளிர்ந்த நீரில் மீத்தேன் கூடுதலாகக் கரைந்து வெளியேறும் நீரோடே போய்விடுகிறது. பால் கொழுப்பு வேறு உறைந்து, பாத்திரத்தில் ஆறிய நெய்போல மேலே இரண்டு விரல் தடிப்புக்கு ஏடாகப் படியும். தொட்டிக்கு முன்னால் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் ஒரு கொழுப்புப் பொறி வைத்து வாரம் இருமுறை வழித்தெடுத்தால், அந்தக் குளிரே நமக்கு உதவி. உறைந்த கொழுப்பு சுலபமாகப் பிரிந்து வரும்.

கெட்டியான மாட்டுச் சாணக் கரைசல் என்றால் சூடேற்றுவது கட்டுப்படியாகும். தண்ணீர் குறைவு, காஸ் அதிகம். 55 டிகிரித் தொட்டியை நான் ஓட்டியதில்லை, ஆனால் அது வெப்பநிலை ஆட்டத்தை இன்னும் குறைவாகவே தாங்கும் என்பதால் மின்வெட்டு உள்ள ஊரில் துணியமாட்டேன். டர்பனில் இருக்கும் மச்சான், “எங்க ஊருக்கு ஹீட்டர் எதுக்கு?” என்கிறார். கடலோரத்துக்கு அது சரிதான்.

ஜோபர்க் இருக்கும் இந்த ஹைவெல்டு மேட்டுநிலத்தில் புதைத்த தொட்டி கட்டுபவர்கள் அக்டோபரில் ஓட்டத் தொடங்குங்கள். ஓடும் தொட்டி ஒன்றிலிருந்து விதைக் கசடு (நுண்ணுயிர்கள் நிறைந்த கசடு) வாங்கிப் போட்டால், ஜூன் குளிர் வருவதற்குள் நுண்ணுயிர்கள் பெருக எட்டு மாதம் கிடைக்கும். நாங்கள் மார்ச்சில் தொடங்கி, முதல் குளிர்காலம் முழுக்கச் சுண்ணாம்பு மூட்டையோடே இருந்தோம்.