குடலிறக்கம்: காத்திருப்பதா, திறந்து மெஷ் வைப்பதா, லேப்ராஸ்கோப்பியா?

நின்றால் கவட்டையில் ஒரு பிதுக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் மறுபடியும் எட்டிப் பார்க்கும். கரமடி வலை இழுப்பவர், வள்ளம் தள்ளுபவர், வாழைக்குலை ஏற்றுபவர், ரப்பர் பால் சுமப்பவர் என்று குமரி மாவட்டத்தில் இதை வைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் வேலை செய்யும் ஆண்கள் ஏராளம். ஆண்களில் 100-க்கு 27 பேருக்கு வாழ்நாளில் இது வரலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்களில் 3 பேருக்கு வரலாம்.

காத்திருப்பது, திறந்து மெஷ் (வலைத்துண்டு) வைப்பது, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்ற மூன்று வழிகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்த நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அந்த எண்களை அப்படியே தூக்கிவந்து இங்கே வைத்தால் பிசகும். தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுத் தொழிலாளிக்கும் நாகர்கோவிலில் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஆசிரியருக்கும் ஒரே பிதுக்கம் இருக்கலாம், ஒரே விடை இருக்க முடியாது.

முதலில், அது குடலிறக்கம்தானா?

விரைப்பை வீங்கியிருந்தால் நீர் கோத்த வீக்கமா, குடல் இறங்கியதா என்பதை விரலும் டார்ச்சுமே பெரும்பாலும் சொல்லிவிடும். வீக்கத்துக்கு மேலே விரல்களைச் சேர்த்துப் பிடிக்க முடிந்தால் அது விரைப்பையிலேயே தொடங்கிய வீக்கம். மேலே அடிவயிற்றுக்குள் தொடர்ந்து போனால் குடலிறக்கம். இருட்டில் டார்ச்சை ஒட்டி வைத்தால் நீர் சிவப்பாக ஒளிரும், குடல் பெரும்பாலும் ஒளிராது. நோயாளியை நிற்கவைத்து இருமச் சொல்லிப் பார்ப்பது கட்டாயம். படுத்த நிலையில் மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று அனுப்புவதில்தான் சிறிய குடலிறக்கங்கள் தப்பிப்போகின்றன. ஸ்கேன் எடுத்தாலும் இதே விதிதான்: முக்கச் சொல்லி எடுக்காத ஸ்கேன் பாதி ஸ்கேன்.

இன்னொரு இடத்தில் கவனம் தவறக்கூடாது. பிதுக்கம் பியூபிக் எலும்பின் (அடிவயிற்றின் கீழே முன்பக்கம் உள்ள இடுப்பெலும்பு) மேட்டுக்கு மேலே, உள்பக்கமாக இருந்தால் இங்குவைனல் (கவட்டை) வகை. கீழே, வெளிப்பக்கமாகத் தொடையை ஒட்டி இருந்தால் பீமோரல் (தொடை) வகை. பீமோரல் வகையின் வாய் குறுகியது, சுற்றி விறைப்பான நார்கள். குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதில் மிக அதிகம், பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. அதற்குக் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது. கீழே வருவது பெரும்பாலும் ஆண்களின் இங்குவைனல் வகையைப் பற்றியது.

காத்திருப்பு: யாருக்குப் பொருந்தும்?

தொந்தரவு இல்லாத அல்லது மிகக் குறைந்த தொந்தரவுள்ள 720 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவைசிகிச்சை, மறுபாதிக்குக் கண்காணிப்பு மட்டும் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு 1000 பேரில் 2 பேருக்கும் குறைவு. 'வலி இல்லையென்றால் விட்டுவிடலாம்' என்ற வாதத்தின் அடித்தளம் இதுதான், எண் சரியானதும்கூட.

ஆனால் அதன் தொடர்ச்சி 2013-இல் வந்தது. காத்திருக்கச் சொன்னவர்களில் ஏறக்குறைய 68 விழுக்காட்டினர் 10 ஆண்டுகளுக்குள் அறுவைசிகிச்சைக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி தாங்காமல். அதாவது காத்திருப்பு ஆபத்தானதல்ல, ஆனால் பெரும்பாலோருக்கு அது ஒத்திவைப்பு மட்டுமே.

அந்த ஆய்வுக்குள் எழுதப்படாத ஒரு நிபந்தனையும் இருக்கிறது. சிக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் அறுவை அரங்கத்துக்குள் போய்விடலாம் என்பதே அது. நாகர்கோவிலில் இருப்பவருக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான். நிபந்தனை நிறைவேறுகிறது, அவர் காத்திருக்கலாம். சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. கரைக்குத் திரும்பவே நாட்கள் ஆகும். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே அது அழுகத் தொடங்கும். ஆபத்தின் வாய்ப்பு அதே 1000-இல் 2-க்கும் குறைவுதான், ஆனால் நேர்ந்தால் வரும் விளைவு வேறு. ஆழ்கடலுக்குப் போகிறவருக்குப் பிதுக்கம் சிறியதாக இருந்தாலும் சரிசெய்துவிட்டே அனுப்ப வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கடையில் விற்கும் ஹெர்னியா பெல்ட் இதற்கு மாற்று ஆகாது. குடலை உள்ளே தள்ளாமலே பெல்ட்டை இறுக்கினால் வெளியே நிற்கும் குடலைத்தான் அமுக்குகிறது.

திறந்த முறையில் என்ன நடக்கிறது

1887-இல் இத்தாலிய மருத்துவர் பாசினி அறிவித்த முறையில் தசையை இழுத்து இங்குவைனல் லிகமெண்டோடு (கவட்டை மடிப்பை ஒட்டிய நார்ப்பட்டை) தைப்பார்கள். இழுத்துத் தைத்த இடம் இருமும்போதும் தூக்கும்போதும் விலகிப் பிரிவதுதான் அதன் நோய். லாஸ் ஏஞ்சல்ஸில் லிக்டன்ஸ்டைன் குழு, எதையும் இழுக்காமல் ஓட்டையின்மேல் வலைத்துண்டை ஒட்டுப்போடும் முறையைக் கொண்டுவந்து, 1000 பேரின் முடிவை 1989-இல் வெளியிட்டது. இன்று 'ஓப்பன் மெஷ்' என்று மருத்துவமனையில் சொன்னால் அநேகமாக இதுதான்.

லிகமெண்டுக்கு இணையாக 5 முதல் 6 செ.மீ. கீறல். வெளிச்சாய்வுத் தசையின் உறையைத் திறந்து, விந்து நாளக் கொத்தைத் தூக்கிப் பிடித்து, குடல் இறங்கிய பையைப் பிரித்து உள்ளே தள்ள வேண்டும். மூன்று நரம்புகளைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண வேண்டும்: இலியோஇங்குவைனல், இலியோஹைப்போகாஸ்ட்ரிக், ஜெனிட்டோபீமோரலின் ஜெனிட்டல் கிளை. பிறகு சுமார் 7.5 × 15 செ.மீ. பாலிப்ரொப்பிலீன் மெஷ்ஷை விரித்து, கீழ்ஓரத்தை லிகமெண்டில் தைத்து, வெளிப்பக்க வாலைப் பிளந்து நாளக் கொத்தைச் சுற்றிவளைத்துச் சேர்ப்பார்கள்.

இந்த முறை தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. மெஷ் பியூபிக் மேட்டைத் தாண்டி உள்பக்கமாக 2 செ.மீ. போக வேண்டும். மேட்டோடு நிறுத்தினால், மெஷ் காலப்போக்கில் சுருங்கும்போது அந்த மூலையில் இடைவெளி விழும், பிதுக்கம் அங்கேயே திரும்ப வரும். 'எட்டவில்லை' என்று எலும்பின் மேலுறையில் ஊசி ஏற்றினால் இன்னொரு தொல்லை: மாதக்கணக்கில் எலும்பு வலி. மெஷ்ஷைத் தட்டையாக இறுக்கி விரிப்பதும் தவறு. படுத்திருக்கும்போது தட்டையாக இருப்பது நிற்கும்போது இழுபடும், அதனால் நடுவே கொஞ்சம் தளர்வு விட வேண்டும்.

இதன் பெரிய பலம் மயக்க முறையில் இருக்கிறது. லிக்னோகெய்னும் பூபிவகெய்னும் கலந்து 40 முதல் 60 மி.லி. வரை அந்த இடத்தில் மட்டும் போட்டு மரத்துப்போகச் செய்தே முடிக்கலாம். மருந்தின் அளவை உடல் எடைக்குக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இதய நோய், நாள்பட்ட பீடி இருமல் உள்ள முதியவருக்கு இது வரம். முதுகில் ஸ்பைனல் ஊசி போடுவதுதான் நடைமுறையில் அதிகம். ஆனால் ப்ராஸ்டேட் வீங்கிய வயதானவருக்கு ஸ்பைனலுக்குப் பிறகு சிறுநீர் அடைத்துக்கொண்டு குழாய் போட நேர்வது அடிக்கடி காணும் சிக்கல். முன்கூட்டியே கேட்டு வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

லேப்ராஸ்கோப்பி

மக்கள் 'லேசர்' என்று கேட்பது இதைத்தான். லேசர் எதுவும் இதில் இல்லை. மூன்று சிறு துளைகள், கேமரா, கரியமில வாயு. டிஏபிபி முறையில் வயிற்றுக்குள் புகுந்து பெரிடோனியத்தை (வயிற்றின் உட்சவ்வு) கிழித்து மெஷ் வைத்து மூடுவார்கள். டிஇபி முறையில் வயிற்றுக்குள் போகாமலே தசைக்கும் பெரிடோனியத்துக்கும் நடுவே இடம் பிரித்து வைப்பார்கள். மெஷ் குறைந்தது 10 × 15 செ.மீ. இருக்க வேண்டும். இங்குவைனலின் நேர்வகை, சாய்வகை, பீமோரல் என்ற மூன்று வாய்களையும் அது ஒரே வீச்சில் மூடுகிறது. லிக்டன்ஸ்டைன் முறையில் வைக்கும் மெஷ் பீமோரல் வாயை மூடாது. பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பியே முதல் தேர்வு என்று 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டல் சொல்வதற்குக் காரணம் இது.

ஆபத்தான இடங்களும் வேறு. விந்துக் குழாய்க்கும் விரைக்குப் போகும் ரத்தக் குழாய்களுக்கும் நடுவே உள்ள முக்கோணத்துக்கு அடியில் காலுக்குப் போகும் பெருநாளங்கள் ஓடுகின்றன. அதற்கு வெளிப்பக்க முக்கோணத்தில் தொடை நரம்புகள். இந்த இரண்டிலும் மெஷ்ஷைப் பிடித்து நிறுத்தும் ஆணி அடிக்கக் கூடாது. முதல் இடத்தில் தவறினால் மேசையிலேயே ரத்தப்பெருக்கு. இரண்டாவதில் தவறினால் தொடையில் எரிச்சல் வலி, அது வருஷக்கணக்கில் நீடிக்கலாம். சிறிய மெஷ்ஷை வைத்து ஒப்பேற்றுவது, வாயுவை வெளியேற்றும்போது மெஷ்ஷின் கீழ்ஓரம் சுருண்டு மடங்குவதைக் கவனிக்காமல் விடுவது: பிதுக்கம் திரும்பி வருவதற்கான வழக்கமான காரணங்கள் இவை. பொதுவாக முழு மயக்கம் தேவைப்படும்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால்

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 14-இல் 2164 பேரை வைத்து நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. இரண்டு ஆண்டில் மறுபடி வந்தது லேப்ராஸ்கோப்பியில் 10.1 விழுக்காடு, திறந்த மெஷ் முறையில் 4.9 விழுக்காடு. வலி தொடக்க நாட்களில் லேப்ராஸ்கோப்பிக்குச் சாதகம். வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்புவதில் வித்தியாசம் ஒரே ஒரு நாள்.

இதைப் படித்துவிட்டு 'துளை முறை மட்டம்' என்று முடிவுகட்டுபவர்கள் இரண்டு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை சரிசெய்து மறுபடி வந்தவர்களில் கணக்கு திரும்பிவிடுகிறது: லேப்ராஸ்கோப்பியில் 10, திறந்த முறையில் 14 விழுக்காடு. முன்பக்கம் தழும்பாகிக் கிடக்கும் இடத்தை மீண்டும் குடையாமல் பின்பக்கமாகப் போவதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. இன்னொன்று, 250-க்கு மேல் செய்து பழகிய அறுவைசிகிச்சை நிபுணர்களின் கைகளில் லேப்ராஸ்கோப்பியின் மறுவரவு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. எந்தக் கை செய்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஆய்வு அளந்திருக்கிறது. திறந்த முறையைச் சில பத்து தடவையில் கற்றுக்கொள்ளலாம். லேப்ராஸ்கோப்பிக்கு 50 முதல் 100 வரை தேவைப்படும்.

எங்கள் தேர்வு இதனால் இப்படி விழுகிறது. முதல் முறை, ஒரே பக்கம், ஆண்: மாவட்டத்தின் பெரும்பாலான அரங்கங்களில் திறந்த மெஷ் போதும், அதுவே நல்லது. இரண்டு பக்கமும், அல்லது திறந்து செய்து மறுபடி வந்தது, அல்லது பெண்: லேப்ராஸ்கோப்பி, ஆனால் வாரந்தோறும் செய்பவரிடம். அப்படிப்பட்டவர் பக்கத்தில் இல்லையென்றால் திருவனந்தபுரமோ மதுரையோ போகும் செலவு வீண் அல்ல. 'எத்தனை செய்திருக்கிறீர்கள், உங்களிடம் எத்தனை பேருக்கு மறுபடி வந்தது?' என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல நிபுணர் கோபப்பட மாட்டார்.

முக்கியமான ஒரு பலனை மறுவரவு எண்கள் மறைத்துவிடுகின்றன: நீடித்த வலி. பொருட்படுத்தத்தக்க வலி 10 முதல் 12 விழுக்காட்டினருக்கு நீடிக்கிறது, அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி 0.5 முதல் 6 விழுக்காட்டினருக்கு இருக்கிறது என்று அதே 2018 வழிகாட்டல் கூறுகிறது. பாறை ஏறி இறங்கும் தேன் சேகரிப்பவருக்கும், தினம் நூற்றுக்கணக்கான ரப்பர் மரத்துக்குக் குனிந்து நிமிரும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் பிதுக்கத்தைவிட இதுவே பெரிய இழப்பு. தொந்தரவே இல்லாதவர் முடிவெடுக்கும் முன் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மெஷ்ஷே வேண்டாமென்றால்

புனேயில் தேசார்தா உருவாக்கிய முறையில் வெளி மெஷ் கிடையாது. நோயாளியின் சொந்த வெளிச்சாய்வுத் தசை உறையிலிருந்தே ஒரு பட்டையைப் பிரித்துச் சுவராக்குவார்கள். போலந்தில் 208 பேரிடம் லிக்டன்ஸ்டைனோடு ஒப்பிட்ட ஆய்வில் மூன்று ஆண்டில் இரு குழுவிலும் இரண்டிரண்டு பேருக்கே மறுபடி வந்தது. உறை மெலிந்து நைந்துபோனவருக்கு இது ஒத்துவராது. அழுகிய குடலை வெட்டி எடுத்த, அசுத்தமான அறுவையில் மெஷ் வைக்கத் தயங்கும்போது கையில் வைத்திருக்க வேண்டிய முறை.

செலவு பற்றி ஒரு வார்த்தை. உகாண்டாவில் 302 ஆண்களிடம் கிருமிநீக்கிய பாலிஎத்திலீன் கொசுவலைத் துணியையும் விலையுயர்ந்த மெஷ்ஷையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வந்தது. ஓராண்டில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. மகாராஷ்டிரத்து மருத்துவர் தோங்காவ்கர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கே இதைச் செய்து காட்டியவர். கடையில் வாங்கிய எந்தக் கொசுவலையும் ஆகும் என்று இதற்குப் பொருள் அல்ல: நூலின் வகை, மருந்து பூசாதது, 121 டிகிரியில் ஆவிக் கிருமிநீக்கம் எல்லாம் சேர்ந்ததே அந்த முடிவு. ஆனால் 'விலை கூடிய மெஷ் போட்டால்தான் நிற்கும்' என்று கடன் வாங்கவைப்பதற்கு ஆதாரம் இல்லை.

படகில் சிக்கிக்கொண்டால்

உள்ளே போய்க்கொண்டிருந்த பிதுக்கம் போகவில்லை, கெட்டியாகி வலிக்கிறது, வாந்தி, வயிறு ஊதுகிறது: உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். படுக்கவைத்து, முழங்காலை மடித்து, இடுப்பைச் சற்று உயர்த்தினால் தானாக உள்ளே போகக்கூடும். தோல் சிவந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, நேரம் அதிகம் ஆகிவிட்டாலோ அமுக்கித் தள்ளவே கூடாது. அழுகிய குடல் உள்ளே போய்விட்டால் பிதுக்கம் மறைந்ததைப் பார்த்து நிம்மதியாக இருக்கும், ஆனால் வயிற்றுக்குள் குடல் கிழிந்து தொற்று பரவும். சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காமல், வயர்லெஸ்ஸில் கடலோரக் காவல்படைக்குச் சொல்ல வேண்டும்.

இந்த நிலை வராமலிருக்க நாள் குறிப்பதே முக்கியம். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கனமான தூக்கலுக்கு 4 முதல் 6 வாரம் பொறுக்கச் சொல்வதே பெரும்பாலான நிபுணர்களின் வழக்கம். ஜூன் முதல் வாரத்தில் செய்துகொண்டவருக்கு ஜூலை நடுவில் தையல் இடம் உறைந்திருக்கும், வலை இழுக்க இரண்டு வாரம் மிச்சம். ஜூலை இருபதில் சேர்ந்தவர் ஆகஸ்ட் முதல் நாள் படகேறினால், மெஷ் திசுவோடு பிடித்துக்கொள்ளும் முன்பே வலையைத் தூக்குவார். ரப்பர் வெட்டுபவர்களுக்கு இதே கணக்கு மரம் இலை உதிர்த்து ஓய்வில் நிற்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். அறுவைக்கான இரத்தப் பரிசோதனை, இசிஜி, மயக்க மருத்துவர் பார்வை ஆகியவற்றை மே மாதமே முடித்து வைத்தால் ஜூன் முதல் வாரம் கையை விட்டுப் போகாது.